வாசனைக்கு வைத்த பாட்டில்

எண்ணெய்க் கடையில் நாங்கள் காசை நீட்டுவதற்கு முன்னால் புறங்கையை நீட்டுவோம். தென்காசியில் அப்போது அதுதான் வழக்கம். கடைக்காரர் தகரத்துக்குள் விட்ட அகப்பையின் அடியை நம் புறங்கையில் ஒரு தொடு தொடுவார். அதை மறுகை விரலால் தேய்த்துச் சூடேற்றி, மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். நல்லெண்ணெய் என்றால் கருப்பட்டி போட்டு ஆட்டிய மணம் வர வேண்டும். தேங்காயெண்ணெய் என்றால் கொப்பரை மணம். வராவிட்டால், "நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று கையைத் தலையில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். கடைக்காரரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.

மோந்து பார்க்காமல் எண்ணெய் வாங்கிய ஒருவரையும் நான் அந்த ஊரில் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அந்த ஊரில்தான் சீல் வைத்த ஆலிவ் எண்ணெயை விற்க வந்தார்.

எழுபதுகள் முடிகிற சமயம். அவர் மதுரையில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. எங்கிருந்தோ கப்பலில் வருகிற ஆலிவ் எண்ணெயைக் கம்பெனிக்காரர்கள் பீப்பாயாக வாங்கி, உள்ளங்கை உயரப் பாட்டிலில் அடைத்து, மூடிக்கு மேல் ஈயத்தாள் ஒட்டி மருந்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். பாட்டிலில் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளுக்குத் தேய்த்துவிடவும், மேலுக்குப் பூசவும் என்று போட்டிருக்கும். சமையலுக்கு என்று யாரும் நினைத்தே பார்க்காத காலம் அது.

அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவர் அத்தான்தான். நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அவர் என்னைவிட மோசம். கடையில் கூட்டம் இருந்தால், கூட்டம் கலைகிறவரை எதிர்ச் சாரியில் நின்று சுவரொட்டி படித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவருக்கு எப்படி விற்கிற வேலை கிடைத்தது என்று கேட்டால், "எழுத்துப் பரீட்சைதான் வச்சாவ" என்பார்.

அதற்கு முன்பு அவருக்கு ஆந்திராவில் கடப்பைப் பக்கம் லைன். லைன் என்றால் ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிற தடம். நான் முதல் பிள்ளைக்கு ஏழு மாதமாக, சுந்தரபாண்டியபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை தங்கவில்லை. தந்தி அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனபோது அவர் அடுத்த ஊருக்குப் போயிருந்தார். நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தெரியவில்லை.

மறு வருஷம் மறுபடி உண்டானபோது அவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆலிவ் எண்ணெய்க்குப் புது லைன் போடலாம், சீசன் கூட்டம் வருகிற ஊர், எண்ணெய்க்குப் பேர்போன ஊர் என்று எழுதியிருந்தார். பதில் வந்தது. ஆவணி முடியும்வரை பார்ப்போம், விற்றால் லைன் நிற்கும், இல்லாவிட்டால் கடப்பைக்கே திரும்ப வேண்டும்.

எனக்கு மார்கழியில் நாள். கோவிலுக்குக் கிழக்கே ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம்.

முதலில் அவர் குற்றாலத்துக்குத்தான் போனார். சாரல் தொடங்கி, பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நேரம். அவர்கள் எடுத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு எத்தனை முதுகு என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவர்களில் மூத்தவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"எங்கிட்ட பேசி என்ன அண்ணாச்சி செய்ய? சட்டையைக் கழத்துங்க. ஒங்க முதுகுலயே பாத்துருவோம்."

"இல்ல, நான் சும்மா சொல்லிட்டுப் போலாம்னு..."

"எண்ணெ விக்க வந்தவரு எண்ணெ தேச்சுக்க வெக்கப்பட்டா எப்படி? ஏலே, அந்தப் பலகையை இங்கன போடு."

அந்தக் கூட்டத்தில் இவரைச் சட்டையில்லாமல் உட்காரவைத்து, அடி அடியென்று அடித்துத் தேய்த்து மூன்று தடவை அருவிக்குள் தள்ளியிருக்கிறார்கள். வெளியே வந்ததும் மூத்தவர் இவர் தோளை ஒரு விரலால் வழித்துப் பார்த்திருக்கிறார்.

"மூணு மட்டம் அருவில நின்னாச்சு, இன்னும் வழுக்குதே. எங்களுக்கு எண்ணெ ஏறவும் செய்யணும், எறங்கவும் செய்யணும். இது ஏறி உக்காந்துக்கிட்டுல்லா இருக்கு."

சாயங்காலம் சட்டை முதுகோடு ஒட்டியபடி வீட்டுக்கு வந்தார்.

"அருவில குளிச்சீயளா அத்தான்?"

"குளிப்பாட்டிட்டாவ."

நான் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோய், "மெதுவாட்டி, மெதுவா" என்றார். அதன் பிறகு அவரும் சிரித்தார்.

மருந்துக் கடைகளில் பாட்டில்கள் அலமாரியில் ஏறின. ஏறியவை ஏறியபடியே இருந்தன. ஆலங்குளத்திலும் அப்படித்தான். அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "ஏன் வாங்க மாட்டேங்காவன்னே தெரியல" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. மூடியைத் திறக்க முடியாத எண்ணெயை எந்தப் பெண் வாங்குவாள்? கம்பெனிக்காரர்கள் அந்த ஈயத்தாளைப் பெருமையாக நினைத்தார்கள். கலப்படம் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ, மூடி வைத்திருந்தாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகம்.

"மோந்து பாக்க ஒரு பாட்டிலைத் திறந்து வைங்களேன்" என்றேன்.

அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். டாக்டர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த சாம்பிள் பாட்டில்களில் மூன்றை எடுத்து, மறுநாள் தென்காசியில் மூன்று கடைகளில் வைத்தார். கூடவே ஒரு டப்பாவில் பஞ்சு. பெரிய மருந்துக் கடை சன்னதித் தெருவை ஒட்டி இருந்தது. அந்த அண்ணாச்சி வாய் பொல்லாதவர், மனசு நல்லவர். நான் இருமல் மருந்து வாங்கப் போனவளாக அங்கே ஓரமாக நின்று, மோந்து பார்த்த பெண்கள் பேசியதைக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, பச்சிலையைக் கசக்குன மாதிரில்லா இருக்கு!"

"தொண்டைல காறுதுளா."

"இதைத் தேச்சா பிள்ளை பயந்து அழும்."

அண்ணாச்சி, "நான் என்ன அதைச் செஞ்சா வச்சேன்? வேண்டாம்னா மூடியைப் போட்டுட்டுப் போங்க" என்று அதட்டினார். நான் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். ஆலிவ் எண்ணெய் விற்கிறவர் தலைக்கு வைத்தது நல்லெண்ணெய்தான். அதை நானும் சொல்லவில்லை, அவரும் கவனிக்கவில்லை. எங்கள் பக்கம் எண்ணெயைப் பச்சையாகத் தலையில் வைக்க மாட்டோம். நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம், ஒரு கிள்ளு வெற்றிலை போட்டுச் சூடாக்கி, வெற்றிலை பொரிந்ததும் இறக்குவோம். அந்த மணம்தான் எங்களுக்கு எண்ணெய் மணம். சளி பிடிக்காது, உடம்புக்கு ஆகும் என்ற நம்பிக்கை எல்லாம் அந்த மணத்தோடு ஒட்டியது.

அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தார். கடைகளிலிருந்து எடுத்துவந்து அவர் நிரப்பி வைத்திருந்த மூன்று சாம்பிள் பாட்டில்களும் அடுக்களை ஜன்னலில் இருந்தன. இருப்புச்சட்டி இன்னும் சூடாக இருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. சட்டியைத் துடைத்துவிட்டு ஆலிவ் எண்ணெயை ஊற்றி, மிளகும் சீரகமும் வெற்றிலையும் போட்டேன். பொரிந்ததும் இறக்கி, ஆறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, திரும்பப் பாட்டிலில் ஊற்றினேன். மோந்து பார்த்தேன். நம் வீட்டுப் பொருளாகிவிட்டது.

அவர் திங்கட்கிழமை அவற்றைக் கடைகளில் கொண்டுபோய் வைத்தார். அந்த வாரமே பாட்டில்கள் போக ஆரம்பித்தன.

ஆடி முழுக்க அப்படியே ஓடியது. சனிக்கிழமைதோறும் அவர் குளிக்கப் போனதும் நான் சட்டியை அடுப்பில் வைப்பேன். பெரிய கடை அண்ணாச்சி அவர் முதுகில் தட்டி, "இப்பத்தான்யா சரக்கு சரியா வருது" என்றாராம். அவர் எனக்கு மங்குஸ்தான் வாங்கிவந்தார். எதிர்ச் சாரியில் சுவரொட்டி படிப்பது குறைந்தது. நாட்காட்டியில் மார்கழிப் பக்கத்தைத் தூக்கிப் பார்த்து, "அப்ப நான் இங்கனதான் இருப்பேன்" என்றார். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அஞ்சறைப் பெட்டியில் மிளகு போதுமா என்று போய்ப் பார்த்தேன்.

பாட்டில் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் ஈயத்தாளைக் கிழித்து மோந்து பார்ப்பார்களே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை வாரமும் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

ஆவணியில் முதலில் இரண்டு பாட்டில் திரும்பி வந்தன. பிறகு ஏழு. அவர் ஒரு புதன்கிழமை வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"டூப்ளிகேட்டுங்காவ. சாம்பிள்ல ஒரு மணம், பாட்டில்ல ஒரு மணமாம். அண்ணாச்சி அத்தனை பேரு முன்னாடி சத்தம் போட்டுட்டாரு. நானும் மோந்து பாத்தேன். அவுக சொல்லுதது நெசந்தான்."

"அப்ப..."

"பாட்டிலடைக்கிற எடத்துல எவனோ கலக்குதான். சும்மா விடக் கூடாது. மேனேஜருக்கு எழுதப் போறேன்."

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இன்லண்டு லெட்டரைப் பலகையில் வைத்து, 'தங்கள் தொழிற்சாலையில் கலப்படம் நடப்பதை வருத்தத்துடன்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். மேனேஜர் வந்து பார்ப்பார். சாம்பிளைத் திறப்பார். இவர் பேரில்தான் பழி விழும். கடப்பைகூட இல்லாமல் போகும். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், அதை எழுதாதீய."

"ஏன்?"

"கலப்படம் அங்கன இல்ல."

"பின்ன எங்கன?"

நான் அடுக்களையைக் காட்டினேன்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. நான் சட்டியையும், வேட்டித் துணியையும், அஞ்சறைப் பெட்டியையும் எடுத்துவந்து முன்னால் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன்ட்டி செஞ்சே?"

"மார்கழில நீங்க இங்கன இருக்கணும்னு."

அவர் லெட்டரை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"எத்தனை மிளகு போட்டே?"

"பாட்டிலுக்கு நாலு."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "நானே வாங்கியிருப்பேன்."

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எண்ணெய், சீயக்காய் என்று பெண்கள் கடைத்தெருவுக்கு வருகிற சாயங்காலம். "அண்ணாச்சிட்ட போயி நான்தான் செஞ்சேன்னு சொல்லிருதேன். நீ வயித்துப்பிள்ளைக்காரி, வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு நானும் போனேன்.

கடையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர் இந்தத் தடவை எதிர்ச் சாரியில் நிற்கவில்லை. நேராகக் கடை வாசலில் நின்று, "அது வந்து... அண்ணாச்சி... அந்தச் சாம்பிள்ல வந்து..." என்று மூன்றாவது தடவை ஆரம்பித்துக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"சாம்பிள்ல நான்தான் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுனேன்" என்றேன்.

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று கடகடவென்று சொன்னேன். "பாட்டில் எண்ணெ நல்ல எண்ணெதான். அதுல ஒண்ணும் கலக்கல. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. பச்சையா மணக்குன்னு நீங்கள்லாம் மூக்கைச் சுளிச்சீய, அதனால நான் வெத்திலையும் போட்டேன்."

பிறகு சீயக்காய்ப் பொட்டலம் வைத்திருந்த ஒரு மைனி கேட்டாள்:

"ஏளா, அதே மிளகையும் சீரகத்தையும் நல்லெண்ணெயில போட்டாலும் அந்த மணம்தான வரும்?"

"வரும்."

"அப்பம் இதுக்கு எதுக்கு ஒரு பாட்டிலு?"

கடையே சிரித்தது. அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "எங் கடையில நின்னே என் யாவாரத்தைக் கெடுத்துட்டியே தாயி" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "மிச்சப் பெட்டியை எடுத்துட்டுப் போயிரும்யா. கோவமில்ல. ஆனா இங்க இனி ஓடாது" என்றார்.

அவர் தலையாட்டிவிட்டு அலமாரியிலிருந்து பாட்டில்களை இறக்க ஆரம்பித்தார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டிலையும் வைக்கும்போது கடப்பை ஒரு அடி பக்கத்தில் வருவதுபோல் இருந்தது.

அப்போது வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு அம்மா முன்னால் வந்தார். கடையநல்லூர்க்காரர், டாக்டரிடம் வந்துவிட்டு மருந்து வாங்க நின்றவர்.

"அதுல ஒண்ணைத் தாங்க, பாப்போம்" என்றார்.

காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே ஈயத்தாளைக் கிழித்தார். புறங்கையில் ஒரு சொட்டு. தேய்த்து மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார்.

"இதான். நாங்க சைத்தூன் எண்ணெய்ம்போம். எங்க வீட்டுக்காரவ சவுதில இருந்து வரும்போது டின்னுல கொண்டாருவாவ. போன மாசம் இதே கடையில அந்தச் சாம்பிளை மோந்து பாத்தேன், மிளகு ரசம் மாதிரி மணந்துச்சு. யாரோ ஏமாத்துக்காரன்னு போயிட்டேன்."

"ஏமாத்துக்காரி" என்றார் அண்ணாச்சி, என்னைக் காட்டி. மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

அந்த அம்மா சிரிப்பு அடங்கியதும் அவரிடம் சொன்னார்: "எங்க தெருவுல வந்து கேளுங்க தம்பி. டின்னு தீந்தா அடுத்த ஆள் வர்ற வரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டுத்தான் இருக்காவ. ஆனா காய்ச்சிக் கீய்ச்சிக் கொண்டாந்துராதீங்க."

அவர் அன்று ராத்திரி மேனேஜருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். 'என் வீட்டில் சாம்பிளில் மிளகு சேர்ந்துவிட்டது' என்ற வரியை எனக்குப் படித்துக் காட்டினார். யார் சேர்த்தது என்று எழுதவில்லை. கடையநல்லூரைப் பற்றியும் எழுதினார். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாரும் நல்லெண்ணெய்க்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் எப்போது அதை விட்டிருந்தார்கள்? கடையநல்லூரில்தான் பெட்டிகள் இறங்கின. அங்கே அவர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று சொல்வார். பாட்டிலைத் திறந்து நீட்டினால் போதுமாம்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இனிச் சாம்பிள்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. லைன் தை வரைக்கும் நடக்கட்டும், பிறகு பார்க்கலாம். தையில் பார்த்து மூடியும் விட்டார்கள். ஒரு ஊர் வாங்குகிற எண்ணெய்க்கு ஒரு லைன் கட்டுபடி ஆகவில்லை. நாங்கள் மூன்று பேராகக் கடப்பைக்கு ரயிலேறினோம்.

எனக்குத் தேவைப்பட்டது மார்கழிதான். அது அந்த லைனுக்குள் இருந்தது.

வலி எடுத்தது அந்த மார்கழியில், ஒரு காலை நேரத்தில். பக்கத்து வீட்டு மைனி என்னை ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியில் மருந்துக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனோம். அத்தான் அன்றைக்குக் கடையநல்லூரில் இருந்தார்; அண்ணாச்சி அங்கே போகிற பஸ்ஸில் யாரிடமோ சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். பிள்ளை பிறந்து, என்னைத் துடைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். பொம்பளைப் பிள்ளை. அது கத்திய கத்தலில் நர்ஸ், "தொண்டை யாரைக் கொண்டுருக்கு? உங்க ரெண்டு பேரையும் பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள். ரெண்டு பேரையும் என்றதும் நான் அவளைப் பார்த்தேன். "வெளிய ஒருத்தர் ஒரு மணி நேரமா பையைக் கீழ வைக்காம நிக்காரு. அவருதான?" என்றாள்.

எனக்கு எழுந்து பார்க்க முடியவில்லை. நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கதவருகே போய், "இந்தப் பிள்ளையோட அப்பா யாரு?" என்று கேட்டாள். வராந்தாவில் ஏகப்பட்ட சனம்.

"நான்தான்" என்று அவர் சொன்னது உள்ளே என் கட்டில்வரை கேட்டது. "நான் இங்கனதான் இருக்கேன்."